குளம்பில் சுட்ட எண்

அந்த நாற்காலியில உக்காருங்க சார். இதுல இல்ல, அதுல. இதுல கடிவாள வார் காயுது. விளக்கெண்ணெய் தடவி வெச்சிருக்கேன், பேன்ட்ல ஒட்டிக்கும். அப்புறம் அதுக்கும் சேர்த்து என் மேல ஒரு மனு வாங்கிக்குவீங்க.

ஆர்.ஐ.தானே நீங்க? போன வாரம் வி.ஏ.ஓ. வந்தாரு. அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து கிளார்க். அடுத்தது யாரு, தாசில்தாரா? வரட்டும். டெலிபோன் டிபார்ட்மென்ட்ல முப்பத்தி மூணு வருஷம் லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். ஒரு மெமோ வாங்கினதில்ல. இப்போ எழுபத்திரெண்டு வயசுல ஒரு குதிரைக் குளம்புக்கு விசாரணை!

அவ என்னா எழுதியிருக்கா மனுவுல? படிங்க. சத்தமா படிங்க. "எங்கள் குடும்ப உடைமையான குதிரைக் குளம்பை மேற்படி ரகோஜி ராவ் என்பவர் வேண்டுமென்றே சேதப்படுத்தி..." போதும், நிறுத்துங்க. வேண்டுமென்றே! பாத்தீங்களா வார்த்தையை?

நான் சேதப்படுத்தலை சார். சுத்தம் பண்ணேன். எழுதிக்குங்க. சுத்தம் பண்ணேன்.

இந்த ரூமை ஒரு சுத்து பாருங்க, நான் யாருன்னு தெரியும். சுவத்துல இருக்கறது பூரா குதிரைப்படைச் சாமான். ஏறி உக்கார்றவன் கால் வைக்கற அங்கவடி மட்டும் நாப்பது ஜோடி. அந்த மூலையில இருக்கே, அது ஈட்டி முனை. கம்பு என்னுது, முனை அசல். சேணம் அஞ்சு. தொடாதீங்க, பாத்தா போதும். ஊர் ஊராக் கம்பம் நடப் போவோம்ல, போற ஊர்ல எல்லாம் கேப்பேன், பட்டாளத்துச் சாமான் ஏதாவது பரண்மேல கிடக்குதான்னு. பாதிப் பேர் என்னைக் காயலாங்கடைக்காரன்னு நெனச்சாங்க. நெனச்சா நெனச்சுக்கட்டும். சினிமாக்காரங்க வாடகைக்குக் கேட்டுக் காரு போட்டுக்கிட்டு வந்தாங்க. வாசப்படி ஏற விடல. இது வேஷம் கட்டற சாமான் இல்ல.

எதுக்கு இதெல்லாம்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன்.

எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. பேரு துக்கோஜி ராவ். மதராஸ் குதிரைப்படையில தபேதார், காலாட்படை ஹவில்தார் மாதிரி. மொத உலகப் போர்ல பாரசீகப் பக்கம் போனவரு திரும்பி வரல. எங்க வீட்டுல அவரு படம் கிடையாது, கடுதாசி கிடையாது, ஒரு பித்தான் கிடையாது. பேரு மட்டும்தான். எங்க அப்பா கோபம் வந்தா சொல்லுவாரு, "துக்கோஜி வம்சத்துல வந்து இப்படிக் கம்பம் ஏறிக்கிட்டுத் திரியறியேடா"ன்னு. அந்த ஒரு பேச்சு என்னை அறுத்துக்கிட்டே இருந்துது.

இறந்தவங்க பட்டியல் ஒண்ணு அச்சுல இருக்கு. எட்டு வருஷம் அலைஞ்சு அதோட நகலை வாங்கினேன். அதுல இருக்காரு. துக்கோஜி ராவ், ரெஜிமென்ட் நம்பர் 214. போர்க்களத்துலதான் செத்தாரு. காய்ச்சல்னு போட்டிருக்கு. ஏன், போர்க்களத்துல காய்ச்சல் வராதா?

அப்புறம் மேல்செங்கானூர். மனு குடுத்த பொண்ணோட ஊரு. கேபிள் புதைக்கப் போயிருந்தோம். அங்க ஊருக்கு வெளியில அவங்க தெரு. அந்தத் தெருவுக்குள்ள எங்க ஆபீஸ்ல வேற எவனும் போயிருக்க மாட்டான். நான் போனேன். அவ அப்பன் அப்போ இருந்தான். பரண்லருந்து ஒரு சேணத்தை இறக்கிப் போட்டான். எலி கடிச்சு, தோலு விறைச்சு, பாக்கவே சகிக்கல. தூக்கித் திருப்பினா, ஓரத்துல குத்தியிருக்குது சார். 214.

நான் அங்கேயே உக்காந்துட்டேன். மாட்டுக் கொட்டாய்ல, சாணியில, அப்படியே. அழுதுட்டேன் சார். அத்தனை வருஷமாப் பேரா மட்டும் இருந்த மனுஷன் கையில கிடைச்ச மாதிரி இருந்துது. அவ அப்பன் பயந்துட்டான். உள்ளருந்து ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினான். தாகம் இல்லைன்னுட்டேன்.

அவன் என்னமோ கதையெல்லாம் சொன்னான். அவன் தாத்தன் பட்டாளத்துல குதிரைக்காரனா இருந்தானாம். அதாவது குதிரைக்குப் புல்லு வெட்டிப் போட்டு, தேச்சுவிட்டு, லத்தி அள்ளறவன். அவன்தான் இதைத் தலையில சுமந்துக்கிட்டு வந்தானாம். நாலு நாள் நடந்தானாம். இன்னும் ஏதோ ஒண்ணு உள்ள இருக்குதுன்னான். நான் கேக்கல. எனக்குக் காதே அடைச்சுப் போச்சு, அந்த நம்பர்தான் கண்ணுல. ரெண்டு பிளாஸ்டிக் சேர் வாங்கிக் கொடுத்துட்டு சேணத்தை ஜீப்ல ஏத்திக்கிட்டேன். ஏமாத்தினேன்னு சொல்லாதீங்க. அவன் சந்தோஷமாத்தான் வாங்கிக்கிட்டான். புது சேரு.

அதுதான் அது, கண்ணாடிப் பொட்டிக்குள்ள. ஒன்றரை வருஷம் ஆச்சு அந்தத் தோலை மசிய வைக்க. அடியில பலகை பாருங்க: "தபேதார் துக்கோஜி ராவின் சேணம்." நான் எழுதினது.

இப்போ பிரச்சினைக்கு வரேன். அந்த ஊர் சாவடியில ஒரு கல்லு இருக்குது. வெள்ளைக்காரன் பதிச்சது. 1914 போருக்கு இந்த ஊர்லருந்து போனவர் பதினோரு பேர்னு. எண்ணிக்கைதான், பேரு கிடையாது. இந்த வருஷம் பஞ்சாயத்துல யாருக்கோ ஞானம் பொறந்து, கல்லுக்குப் பக்கத்துல பேர் பொறிச்சு கிரானைட் பலகை வைக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. பத்துப் பேருக்கு வாரிசுங்க ஏதோ ஒரு காகிதம் காட்டிட்டாங்க. பதினோராவது யாருன்னு தெரியல. நான் விவரமா ஒம்பது பக்கம் எழுதிக் குடுத்தேன். சேணம் கிடைச்சது இந்த ஊரு, நம்பர் 214, பட்டியல்ல 214 துக்கோஜி ராவ். ஆக, பதினோராவது ஆளு அவருதான். பஞ்சாயத்துத் தலைவர் கைகுலுக்கினாரு சார். பலகை திறக்கற அன்னிக்கு என்னைப் பேசச் சொன்னாரு. நானும் வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்துட்டேன்.

அப்போ வந்தா மகராசி.

பேரு வளர்மதி. கால்நடை ஆஸ்பத்திரியில இன்ஸ்பெக்டரா இருக்காளாம். அப்பன் போயிட்டானாம். ஸ்கூட்டியை என் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திட்டு வந்தா. கையில மஞ்சப் பை. உள்ள வந்ததும் சேணத்தைப் பாத்தா, பலகையைப் படிச்சா, சிரிச்சா. சிரிச்சா சார்! அந்த எடத்துலயே எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.

"சார், சேணம் யாருக்கு அளவெடுக்கறாங்க? ஏறி உக்கார்றவருக்கா, சுமக்கற குதிரைக்கா?"ன்னா.

"நீ மாட்டுக்கு ஊசி போடறவ. ராணுவத்தைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"னேன்.

"ராணுவம் தெரியாது சார். குளம்பு தெரியும்"னுட்டு பையிலருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேஜைமேல வெச்சுப் பிரிச்சா.

குளம்பு. காஞ்சு கட்டையாப் போன குதிரைக் குளம்பு. அதோட முன்பக்கம் சூடு போட்டிருக்குது. ரெண்டு, ஒண்ணு, நாலு.

உங்களுக்கு விளங்காது, சொல்றேன். பட்டாளத்துக் குதிரைக்கெல்லாம் நம்பர் உண்டு. குளம்புலதான் சுடுவாங்க. குளம்பு நம்ம நகம் மாதிரி, வளர்ந்து தேஞ்சு போயிடும். அஞ்சாறு மாசத்துக்கு ஒருதரம் திரும்பச் சுடணும். குதிரை செத்துப் போச்சுன்னா வெறும் வாய்ப்பேச்சை ஒத்துக்க மாட்டான் வெள்ளைக்காரன். எவனுக்காவது தள்ளிவிட்டுட்டு வந்து செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா? அதனால நம்பர் இருக்கற குளம்பை வெட்டி எடுத்துக்கிட்டு வந்து காட்டணும். லாடம் கட்டறவன் கோடாலியே வெச்சிருப்பான் அதுக்குன்னு. குளம்பைக் காட்டினாதான் பதிவேட்டுல குதிரை பேரை அடிப்பாங்க.

அவ சொன்னா: "எங்க கொள்ளுத்தாத்தா கன்னியப்பன் பாத்துக்கிட்ட குதிரை சார் இது. கூட வந்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. தண்ணியில்லாம இது வழியில விழுந்துடுச்சு. இவரு கூடவே இருந்து, அது செத்த பிறகு குளம்பை வெட்டி மடியில கட்டிக்கிட்டு, சேணத்தைத் தலையில வெச்சுக்கிட்டு நாலு நாள் நடந்து முகாமுக்குப் போயிருக்காரு. கணக்கு முடிஞ்சதும் அவங்க தூக்கிப் போட்டதை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. சேணத்துல இருக்கறது குதிரையோட நம்பர் சார். ஆளோட நம்பர் இல்ல. பதினோராவது ஆள் அவருதான்."

"போருக்குப் போனவங்கன்னா சண்டை போட்டவங்கம்மா. புல்லு வெட்டினவன் இல்ல"ன்னேன்.

"கல்லுல 'போனவர்'னுதான் சார் இருக்குது. 'சுட்டவர்'னு இல்ல."

வாயைப் பாருங்க சார், வாயை!

சரி, எதுக்கு என்கிட்ட வந்தே, நேரா பஞ்சாயத்துக்குப் போக வேண்டியதுதானேன்னு கேட்டேன். போயிருக்கா. அங்க சொல்லிட்டாங்களாம், இந்த விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அசல்தான்னு எழுதி வாங்கிட்டு வாம்மான்னு. இந்தச் சுத்துவட்டாரத்துல தெரிஞ்சவன் யாரு? நான்தான். வேற எவன் இருக்கான்? அதைச் சொல்றப்போ மட்டும் அவ குரல் கொஞ்சம் இறங்குச்சு. "பாத்து எழுதிக் குடுங்க சார். உங்களுக்குத் தெரியும்னு எங்க அப்பா சொல்லுவாரு. சேணத்தைப் பாத்து அழுத மனுஷன், அவரு கைக்குப் போனா பத்திரமா இருக்கும்னு சொல்லுவாரு."

சேணத்தைத் திருப்பிக் கேட்டாளா? கேக்கல. "அது நீங்க நல்லா வெச்சிருக்கீங்க, இருக்கட்டும்"னுட்டா. கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். குளம்பை வெச்சுட்டு மூணு நாள்ல வரேன்னு போயிட்டா. ரசீதுகூட வாங்கல. ஒரு பழம்பொருளை இப்படியா ஒருத்தன் கையில குடுத்துட்டுப் போவாங்க? பொறுப்பு வேணாம்?

மூணு நாள் சார். மொத நாள் நான் அதைத் தொடவே இல்ல. ரெண்டாம் நாள் ரெஜிமென்ட் கையேட்டை எடுத்தேன். என்கிட்ட இருக்கு, அதோ, சிவப்பு அட்டை. அதுல இருக்குது. சேணம் குதிரையோட முதுகுக்குத் தக்கபடி பொருத்தறது, அதனால குதிரையோட நம்பரைத்தான் அதுல குத்தணும்னு ஒரு வரி. புதுசாப் பாத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சிருக்கேன். படிச்சேன், பக்கத்தைத் திருப்பிட்டேன். நீங்க எந்த மனுவையும் அப்படித் திருப்பினதில்லையா?

மூணாம் நாள் மத்தியானம் சாப்புட்டுட்டு உக்காந்தேன். ஒரே அழுக்கு. நூறு வருஷத்து அழுக்கு, அடுப்புப் புகை, குங்குமம் வேற. அவங்க வீட்டுல அதை சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருப்பாங்களோ என்னமோ. எந்தச் சாமான் வந்தாலும் நான் சுத்தம் பண்ணுவேன். அது என் வழக்கம். உப்புத்தாளை எடுத்தேன். மொதல்ல சொரசொரப்பு, அப்புறம் நைஸ். அப்புறம் எண்ணெய். ஒரு மணி நேரம். நகம்தானே, பவுடரா உதிருது.

துளசா அந்தக் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தா. என் சம்சாரம். "என்னாங்க பண்றீங்க?"ன்னா. "சுத்தம் பண்றேன், தெரியல?"ன்னேன். உள்ள போயிட்டா. அன்னியிலருந்து என்கிட்டப் பேச்சே இல்ல. சாப்பாடு வைக்கறா, தட்டை எடுக்கறா. அவ்வளவுதான். நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணவ. கேட்டா தலைவலிங்கறா.

அந்தப் பொண்ணு வந்தா. குளம்போட சான்றிதழும் எழுதி வெச்சிருந்தேன், லெட்டர்பேட்ல. "பரிசோதித்தேன். குளம்பில் எண் எதுவும் காணப்படவில்லை." எழுதறப்போ பாத்தேன், எண் இல்ல. இல்லாததை இல்லைன்னு எழுதினேன். இதுல பொய் எங்க இருக்கு?

அவ குளம்பை எடுத்தா. கட்டை விரலால ஒருதரம் தடவிப் பாத்தா. சத்தம் போடுவான்னு நான் தயாரா இருந்தேன். போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், விஷயம் தீர்ந்திருக்கும். போடல. குளம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மெதுவாக் கேட்டா. "சார், சுத்தம் பண்ணீங்கன்னா மத்த மூணு பக்கமும் ஏன் அழுக்கு அப்படியே இருக்குது? நம்பர் இருந்த எடம் மட்டும் ஏன் சார் வழவழன்னு இருக்குது?"

மீதியை அப்புறம் பண்ணலாம்னு வெச்சிருந்தேன்னு சொன்னேன். கை வலிச்சுதுன்னு சொன்னேன். வயசாயிடுச்சுல்ல.

அவ துணியில சுத்திக்கிட்டா. வாசல் வரைக்கும் போய் நின்னு, "எங்க அப்பா உங்களைப் பத்தித் தப்பா நெனச்சுட்டாரு சார்"னா. போயிட்டா. அடுத்த வாரம் மனு. இப்போ நீங்க.

இதோ முடிச்சுட்டேன். எழுதிக்கிட்டீங்களா? சுத்தம் பண்றப்போ தற்செயலா அழிஞ்சுதுன்னு எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன். பேனாவைக் குடுங்க.

என்ன? என்ன கேட்டீங்க?

போட்டோவா? என்ன போட்டோ? யாரு சொன்னா உங்களுக்கு?

...துளசா! ஏய் துளசா! வாசல்ல இவருகிட்ட நீயா சொன்னே? நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வரல, ஆர்.ஐ.கிட்டப் பேச வந்துடுச்சா? பாருங்க, மிக்சியைப் போட்டுட்டா. இந்த வீட்டுல எனக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆமா சார். இருக்குது. நான் இல்லைன்னு எப்போ சொன்னேன்? நீங்க கேக்கல, நான் சொல்லல.

அந்த இரும்பு பீரோவுல டிராயர் பூரா கார்டு. எந்தச் சாமானா இருந்தாலும் கை வைக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும், அளவு எடுக்கணும், கார்டு எழுதணும். அதுக்கப்புறம்தான் எண்ணெய், உப்புத்தாள் எல்லாம். முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான். அன்னிக்கும் அப்படித்தான். உப்புத்தாள் மேஜைமேல ரெடியா இருக்குது, நான் ஸ்கேலை வெச்சுக் குளம்பை அளந்துக்கிட்டிருக்கேன். சிரிக்காதீங்க. அழிக்கப் போறவன் எதுக்குய்யா அளந்தேன்னு நானே நாலு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

கிழிக்கணும்னுதான் அந்தக் கார்டை எடுத்தேன். ஒருதரம் இல்ல, நாலு தரம். அறுநூத்து முப்பத்தேழு கார்டு இருக்குது சார் உள்ள. இதுவரைக்கும் ஒண்ணைக் கிழிச்சதில்ல. ஒண்ணைக் கிழிச்சா மத்ததை எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன். துக்கோஜியை விட்டுக்குடுக்கவும் மனசு வரல, இதைக் கிழிக்கவும் கை வரல. அந்தப் பொண்ணு மேல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் சார். அவ வரலைன்னா நான் நிம்மதியாச் செத்திருப்பேன்.

இந்தாங்க. ஓரத்தைப் பிடிங்க, போட்டோமேல விரல் படக்கூடாது. தெரியுதா? வெளிச்சத்துல காட்டுங்க. ரெண்டு, ஒண்ணு, நாலு. என்னா தெளிவா இருக்குது பாருங்க. நான் எடுத்த படம். கீழ என் கையெழுத்துதான், படிங்க: "குதிரைக் குளம்பு, இடது முன்னங்கால். சூட்டு எண் 214. மேல்செங்கானூர் கன்னியப்பன் போர்முனையிலிருந்து கொண்டுவந்தது." ஆமா, நான்தான் எழுதினேன். கார்டுல உள்ளதை உள்ளபடிதான் எழுத முடியும்.

கொண்டு போங்க. பஞ்சாயத்துக்கு இது போதும். இதுக்கு மேல எவனும் கேள்வி கேக்க முடியாது.

ஆனா ஒண்ணு. நான் குடுத்தேன்னு அவகிட்ட சொல்லக் கூடாது. நீங்களா பீரோவைத் திறந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க. கிழவன் தடுத்தான்னு சொல்லுங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்தான்னுகூடச் சொல்லுங்க, பரவாயில்ல, எழுதிக்குங்க, அதுக்கும் கையெழுத்துப் போடறேன். அவ ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு வந்து, இந்த வாசல்ல நின்னு, "ரொம்ப நன்றி சார், எங்க அப்பா சொன்னது சரிதான்"னு சொல்லிடக் கூடாது சார். அதை மட்டும் என்னால தாங்க முடியாது.